மாஞ்சோலைக்கு முன்னால் எந்த ஊர்?

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தபோது நானும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதையெல்லாம் முந்தின நாளே சண்டையாகப் பேசி முடித்திருந்தோம். ஒப்பந்தம் இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டைப் பேசி முடித்தால் அங்கே குடிபோவோம். முடியாவிட்டால் அப்பா சொல்கிறபடி மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் போவோம். அம்மா யார் பக்கமும் சேராமல் புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

திருப்பூரில் சித்தப்பா இருக்கிறார். பனியன் கம்பெனி வேலை, அவர் இருக்கும் காம்பவுண்டிலேயே காலியாக ஒரு வீடு, எனக்கும் ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் தருவதாகப் பேச்சு. சென்னையில் என்னோடு படித்த தோழி இருக்கிறாள். வேளச்சேரியில் அவளுடைய அறையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தேன். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோயம்புத்தூரைப் பற்றியும் ஆளாளுக்குச் சொன்னார்கள். படித்து முடித்த பிள்ளை திருநெல்வேலியில் இருந்து என்ன செய்யப்போகிறது என்று கேட்காதவர் இல்லை. நான் ஸ்கேன் எடுக்கிற வேலைக்குப் படித்தவள். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்து, ஒன்றாம் தேதி சேர வேண்டும். அந்த வேலையை விடுவதாக எனக்கு எண்ணமே இல்லை.

காரணம் கேட்டால், பிடிவாதம் என்றுதான் சொல்வேன். எங்கள் ஊர் மாஞ்சோலை. தேயிலைத் தோட்டம். தாத்தா தேயிலை நட்டார், அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா ஃபாக்டரியில் மெஷின் பார்த்தார். தோட்டத்தின் குத்தகை முடிந்துபோய் எல்லோரும் மலையை விட்டு இறங்கியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் கல்லிடைக்குறிச்சியில் தன் வீட்டின் பின்கட்டை எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஆனியில் அவர் மகனுக்குக் கல்யாணம். அதற்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். ஒருதடவை இறங்கியாயிற்று. போ என்று சொல்லச் சொல்ல இன்னும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்க நான் தயாராக இல்லை.

வண்டி ஏழரைக்குக் கிளம்பியது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம், ஆளுக்குப் பத்து ரூபாய். வீரவநல்லூர் வரை நெல், அதற்கப்புறம் சேரன்மகாதேவி வரை நெல்லும் வாழையும். அப்பா மலையைப் பார்க்கிற பக்கமாக உட்கார்ந்தார். எதிரில் அப்பளக் கட்டுகளோடு ஒரு அண்ணாச்சி. டவுண் கடைகளுக்குக் கொண்டுபோகிறாராம்.

"எந்தூரும்மா?" என்றார்.

"மாஞ்சோலை."

"அடடா! குடும்பத்தோட டூர் வந்திருக்கோம்லா. சொர்க்கம்மா அது. என்னா குளிரு!"

"சொர்க்கத்துல அட்டை ஜாஸ்தி அண்ணாச்சி. பாத்தியளா?"

அவர் சிரித்துவிட்டு அப்பளக் கட்டுகளை எண்ண ஆரம்பித்தார். அப்பா என்னை முறைத்தார். அன்றைக்குக் காலையில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுதான்.

ஜங்ஷனில் இறங்கி டவுண் பஸ் பிடித்தோம். பாளை பஸ் ஸ்டாண்டில் புரோக்கர் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் இரண்டு போன். நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டுக்காரங்க ஒண்ணு ரெண்டு கேப்பாங்க. கேட்டா எதையாவது சொல்லிருங்க. இல்லேன்னா நான் ஒங்க சொந்தக்காரன்னு சொல்லுதேன். என்னயப் பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம் அண்ணாச்சி. கேட்டா நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ?"

"எங்க ஊரு மாஞ்சோலைன்னு."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா டீ கிளாஸைப் பார்த்தார்.

முதல் வீடு பாளையங்கோட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம். வாடகை ஆறாயிரம், அட்வான்ஸ் முப்பதாயிரம். வேலைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்கார அம்மா ரிட்டையர்டு டீச்சர். நான் ஸ்கேன் எடுக்கிறவள் என்றதும் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

"சொந்த ஊரு எது?"

"மாஞ்சோலை, டீச்சர்."

"அது எஸ்டேட்லா. பொழைக்கப் போன எடம். அதுக்கு முன்னாடி எந்த ஊரு?"

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஊர் பேரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் அப்புறம் கேட்பதற்கு எதுவும் இருக்காது. நாம் யார் என்பது தெரிந்துவிடும். மாஞ்சோலை என்று சொன்னால் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. எங்களுக்குத் தெரு கிடையாது, லைன்தான். வரிசையாக வீடுகள், எந்த வீடு காலியோ அது உங்களுக்கு. மாஞ்சோலையில் சாதியே இல்லை என்று யாராவது சொன்னால் அது டூரிஸ்ட் பேச்சு. கல்யாணம் என்று வந்தால் அங்கேயும் விசாரித்தார்கள். ஆனால் குடியிருக்க ஒரு வீட்டுக்காக யாரும் யாரையும் விசாரித்ததில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் மனசுக்குள் அந்தக் கேள்வி ஓடியிருக்கலாம். உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கல டீச்சர்" என்றேன்.

அவர்கள் முகத்தில் இருந்த முழங்கால் சினேகிதம் போய்விட்டது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். "வீட்டுல அவங்கட்ட கேட்டுச் சொல்லுதேன்."

இரண்டாவது வீட்டுக்கு டவுணுக்குப் போனோம். நெல்லையப்பர் கோயிலுக்குப் பக்கத்தில், தெற்கு ரத வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை, இறங்கி நடந்தோம். அல்வாக் கடைகளில் நெய் வாசனை. வாசனையைச் சும்மா கொடுக்கிறார்கள், அதை மட்டும் வாங்கிக்கொண்டோம். மாடி போர்ஷன், காற்று நன்றாக வந்தது. வாடகை ஐந்தாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர். ஊரைப் பற்றியே கேட்கவில்லை. மோர் கொடுத்தார், குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"பங்குனி உத்திரத்துக்கு எங்க போவீங்க? ஒங்க சாஸ்தா எது?" என்றார் சிரித்தபடி.

பங்குனி உத்திரத்தன்று இந்த ஜில்லாவே அவரவர் குலசாமியான சாஸ்தாவைத் தேடிக் காட்டுக்கும் குளத்தங்கரைக்கும் போகும். சாஸ்தா தெரிந்தால் பூர்வீக ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் மற்றதை ஒரு போனில் விசாரித்துக்கொள்ளலாம். அப்பா வாயைத் திறந்தார். சாமி விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது என்று நினைக்கிறவர் அவர். நான் முந்திக்கொண்டேன்.

"எஸ்டேட்டுல ஒரு அம்மன் கோயில் உண்டு. அங்கன எல்லா லைன்காரங்களும் சேந்துதான் சாமிக்குக் கொடை குடுப்போம்."

"அது பொதுக் கோயிலும்மா. ஒங்களுக்குன்னு ஒண்ணு இருக்கும்லா?"

"எங்களுக்கும் அதுதான் சார்."

"சரி, சரி. காலையிலதான் எங்க மச்சினன் போன் பண்ணினான். வீட்ட அவனுக்குத் தெரிஞ்சவங்க கேக்காங்களாம். கேட்டுச் சொல்லுதேன்."

சந்தை விட்டு வெளியே வந்ததும் புரோக்கர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கமிஷன் போகிறதே. வண்ணார்பேட்டையில் இன்னொரு வீடு இருக்கிறது, மூன்று மணிக்கு வாருங்கள், அங்கேயாவது கொஞ்சம் பைய, பதமாகப் பேசுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளிசாதத்தையும் அம்மா பொரித்து வைத்திருந்த அப்பளத்தையும் பிரித்தோம். தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. ஒரு உருண்டை உள்ளே போனதும் அப்பாவுக்குப் பேச்சு வந்தது.

"சொல்லிட்டா என்ன? நான் பொய்யா சொல்லச் சொல்லுதேன்? உள்ளதத்தான. இதுக்கு ஏன் இவ்வளவு வீம்பு?"

"சொன்னா வீடு தருவாங்களா?"

"தரலாம். தராமலும் போகலாம்."

"தந்தா மட்டும்? பக்கத்துல இன்னொருத்தர் வீடு கேட்டு வந்து, அவங்களுக்கு இல்லைன்னு சொல்லும்போது நாம சன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"மெட்ராஸ்ல யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒன் கூட்டாளி சொன்னாள்லா. அங்கயாவது போலாம்."

அங்கேயும் கேட்கிறார்கள். வேளச்சேரியில் வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்டார்கள், அதுவும் இதே கேள்விக்குத் தாவணி போட்ட மாதிரிதான். அப்படியே கேட்காத ஊர் ஒன்று இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பயந்து அங்கே ஓடினால் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதாகத்தான் அர்த்தம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஆற்றைக் காட்டி இன்னும் ஒன்று சொன்னேன்.

"நம்ம மலைல ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுல பெய்யுத மழையும் இதுலதான வருது. அதக் குடிக்கும்போது எந்தூருத் தண்ணின்னு யாரும் கேக்கலியே."

"இதெல்லாம் மேடைல பேசு. அந்த அப்பளத்த இங்க தள்ளு" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. மூன்றாவது வீடும் போய்விட்டால் ஒன்றாம் தேதி ஸ்கேன் சென்டரில் வேறு யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், நான் திருப்பூரில் சித்தியின் கையால் மிளகாய்ப்பொடி இட்லி சாப்பிட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருப்பேன். அதை நினைக்கவே ஆத்திரமாக இருந்தது. அப்பா பார்க்காத மாதிரி கை கழுவப் போனார்.

மூன்று மணிக்கு வண்ணார்பேட்டை. நான்குவழிச் சாலைக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய வீடு. கீழே அவர்கள், மேலே நமக்கு. ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், போர்த் தண்ணீர் எப்போதும். வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு என்றார்கள், ஐந்நூறைக் குறைத்தும் விட்டார்கள். வீட்டுக்கார அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு, வாய் ஓயாத பேச்சு. கைப்பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், துணி காயப்போடும் கொடி எந்தப் பக்கம் எங்களுக்கு என்பது வரை காட்டினார்கள். தன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், சாயங்காலம் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் அந்த வீட்டில் குடியேறியே விட்டேன். கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

கேட் வரை வந்து வழியனுப்பும்போது அக்கா தயங்கினார்கள்.

"தப்பா நெனச்சுக்கிடாதீங்கண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. மாஞ்சோலைக்கு முன்னாடி எந்த ஊரு?"

புரோக்கர் வானத்தைப் பார்த்தார். நான் மூச்சை இழுத்தேன். அப்பா என் தோளில் கை வைத்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். வீடும் பிடித்துவிட்டது, பிள்ளைக்கும் ஆசை, சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

"முன்னாடியா? முன்னாடி காடும்மா" என்றார் அப்பா.

"இல்லண்ணே, அதுக்கு முன்ன. ஒங்க அப்பா, தாத்தா..."

"எங்க அப்பாதான் அந்தக் காட்டத் திருத்தித் தேயில நட்டாரு. அதுக்கு முன்னாடி அங்கன இருந்தது யானைதான். ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சே ஆகணும்னா, யானைட்ட கேட்டுச் சொல்லுதேன்."

குரல் உயரவில்லை. ஃபாக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய மனிதர், எனக்குத் தெரிந்து இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. அக்கா சிரித்துவிட்டார்கள். நிஜமாகவே சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வந்ததும் கேட்டுச் சொல்லுதேண்ணே" என்றார்கள். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜங்ஷனுக்கு வந்து சேர்வதற்குள் புரோக்கர் போன் செய்துவிட்டார். அந்த வீடும் இல்லை. வண்டி வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் சென்னை போகிறவர்கள் பெரிய பெரிய பைகளோடு கூட்டமாக நின்றார்கள். பாதிப் பேர் என் வயதுதான். அவர்கள் போகட்டும், எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நிற்க மாட்டேன் என்று வந்த நானே, ஒப்பந்தப்படி அடுத்த வாரம் மூட்டையோடு ரயில் ஏற வேண்டியவள். அப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சித்தப்பா. சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. வீடு அமைந்ததா, இல்லை இங்கே வீட்டுக்காரனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"அமையலலே. மூணு வீடு பாத்தோம். ஒருத்தரும் தர மாட்டேங்காங்க" என்றார் அப்பா.

"அப்ப இங்கன வந்திருதிய. எப்ப வாரிய?"

"வரல."

"அங்கதான் வீடே தர மாட்டேங்காங்கன்னு சொல்லுதிய?"

"ஆமாலே. அதனாலதான் வரல" என்று சொல்லி அப்பா போனை வைத்தார். பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிச் சுருக்கத்தை நீவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வண்டிதானா, இல்லை இன்னும் சீக்கிரமாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்.