நான் கழுவிய காலித் தட்டு

போன வருஷம், ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன் நான். கண்ணாடிப் பாத்திரங்களை என்னைப்போல் பளபளவென்று கழுவ ஆளில்லை என்பது என் கர்வம். அன்றைக்கு அதுதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருவர், பட்டுக்கூட்டுப் புரதத்தையும் வாழைநாரிலிருந்து எடுத்த செல்லுலோஸையும் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைப்பார். தீக்காயத்தின்மேல் போடுவதற்கான மெல்லிய படலம் அது. வெறும் பட்டில் செய்தால் அப்பளமாய் நொறுங்கும். செல்லுலோஸ் சேர்ந்தால் வளையும். ஆனால் தட்டிலிருந்து உரிக்கும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் கிழியும். கலவை தீர்ந்து, மிச்சம் இருந்த படலம் ஒன்றே ஒன்று. அதை உரிக்காமல் தட்டோடு ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஜன்னலோரம் காயவைத்திருந்தார். மதியம் அதைப் பார்க்க மேலிடத்துப் பெரியவர்கள் வருவதாக இருந்தது.

ஜன்னலோரம் ஒரு காலித் தட்டைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், "அண்ணே, ஜன்னல்ல இருந்த ஃபிலிம் எங்க?" என்றார் அந்த மாணவி.

"எந்த ஃபிலிம்மா? தட்டு காலியால்ல இருந்திச்சு!"

"அது கண்ணாடி மாதிரி இருக்கும்ணே... கண்ணுக்கே தெரியாது!"

பட்டுப் புரதம் தண்ணீரில் கரையும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். இந்நேரம் கரைந்தே போயிருக்கும். ஓடிவிடலாமா, மயங்கி விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும்; இருந்ததோ அவர் ஒருத்தர்தான். வேறு வழியில்லாமல், "கழுவப் போட்டுட்டேன்மா" என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண் நிறைந்துவிட்டது.

அப்போது துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள் உள்ளேயிருந்து கத்தினார்: "இன்னா நைனா, வாளில இன்னாமோ கண்ணாடித் தாளு மெதந்துகினு கீது! தூக்கிப் போட்ரட்டா?"

"தொடாதே!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினோம்.

முழுசாக, ஓரம்கூடக் கிழியாமல் மிதந்தது. ஸ்பிரிட்டில் ஊறியதால் பட்டு கரையவில்லையாம். தண்ணீர் உள்ளே புகுந்து, தட்டிலிருந்து தானே கழன்றுவிட்டதாம். இத்தனை நாள் இடுக்கியால் போராடிய வேலை! அழுத கண்ணோடு அவர் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது.

"இத்த இன்னா மேரி கண்டுபுடிச்ச நைனா?" என்றார் அந்த அம்மாள்.

"டீ குடிச்சிக்கினே," என்றேன்.

இப்போதெல்லாம் 'காலி' என்று தோன்றும் எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் கழுவுவதில்லை. வீட்டில் தோசைத் தட்டையும் அப்படிப் பார்க்கும்போது மனைவி முறைக்கிறாள்; இதுவரை என் கண்ணுக்கு எத்தனை விஷயம் தப்பியிருக்குமோ என்ற நினைப்பில் நான் சிரித்துக்கொள்கிறேன்.