மேனேஜருக்கு முன் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரர் கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர். கேட்காவிட்டாலும் அவரே அதைச் சொல்லிவிடுவார். அவர் கடையில் தைத்ததைப் போட்டுப் பார்க்கும் வழக்கமே கிடையாது. "அளவு சரியா எடுத்தா ட்ரயல் எதுக்கு?" என்று வாடிக்கையாளரையே அதட்டுவார். ஆள் வேறு ஒட்டடைக் கம்பு உயரம். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

தைத்த கோட்டைக் கசங்காமல் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பொம்மை வைத்திருந்தார். இடுப்புவரைதான் இருக்கும், தலை கிடையாது. வீட்டில் அதற்குப் பெயர் மேனேஜர். பழைய காரில் முன் சீட்டு மேனேஜருக்கு, பெல்ட் உட்பட. அக்கா பின்னால், மடி நிறைய மற்ற கோட்டுகளோடு. கொஞ்சம் கண் சொக்கினால் போதும், "சாயாதே, கோட்டு கசங்கும்!" என்று முன்னாலிருந்து குரல் வரும். கல்யாணமான நாள் முதல் இதே கதைதான். தலையே இல்லாத ஒன்றுக்கு இருக்கும் மரியாதை என் அக்காவுக்கு இல்லையே என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பழைய கார் நடுரோட்டில் மண்டையைப் போட்டது. அக்கா அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள். "புது கார்ல நான் முன்னாடி உக்காரணும். இல்லன்னா பஸ்ல வந்துக்கறேன். நீங்களும் உங்க மேனேஜரும் ஜோடியா போங்க."

மாமா ஆடிப்போனார். கையில் இருந்த பணமோ சின்னக் காருக்கே இழுபறி. அதிலும் பின் சீட்டில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார வேண்டும். பக்கத்தில், அக்கா வீட்டோடு இருக்கும் எங்கள் அம்மா, மடங்காத முட்டியை நீட்டிக்கொள்ள வேண்டும். டேப்போடு வந்து காலை அளந்தவரைப் பார்த்து, "மாப்ள, இந்த வயசுல எனக்கு எதுக்கு பேண்ட்டு?" என்று அம்மா பதறிவிட்டாள்.

ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜரைச் சுமந்தது நான். ஒரு காரில் அம்மாவின் காலுக்கு இடமில்லை. இன்னொன்றில் மேனேஜரின் தோள் கதவில் சிக்கியது. எல்லாம் பொருந்திய மூன்றாவதின் விலையைக் கேட்டு மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மூலையில் ஒன்று இருந்தது. பின்பக்கம் கூரை உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, யாரிடமோ திட்டு வாங்கியது போல நின்றது. மேனேஜர் பொருந்தினார், அம்மாவின் கால் பொருந்தியது, அக்காவின் உயரமும் பொருந்தியது. விலையும் பொருந்திவிட்டது.

"சார், ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க. அப்புறம் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் விற்பனையாளர்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ட்ரயலா? எனக்கேவா? இஞ்ச் இஞ்ச்சா அளந்தாச்சு. வண்டிய வீட்டுக்கு அனுப்புங்க."

வண்டி வந்தது. முதல் சவாரியே கோட்டு டெலிவரி. அம்மா காலை நீட்டிக்கொண்டாள். மேனேஜர் அவள் பக்கத்தில் ஜம்மென்று இருந்தார். அக்கா தலைவாரி, பவுடர் போட்டு, முன் சீட்டில் மகாராணியாக ஏறினாள். மாமா ஓட்டுகிற சீட்டில் உட்காரப் போனார்.

டங்கென்று தலை கூரையில் முட்டியது. சீட்டை இறக்கப் பார்த்தார். அது இறங்குகிற ரகமில்லை. கழுத்தை மடித்து உட்கார்ந்தபோது அவருக்குத் தெரிந்தது ரோடு அல்ல, தன் சட்டைப் பொத்தான்.

"மாமா, உங்கள அளந்தீங்களா?" என்றேன்.

ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனுஷர் தன்னை விட்டுவிட்டார். டேப் அவர் கழுத்தில் தொங்கியதோடு சரி.

அக்கா இறங்கிப்போய், பீரோவில் சும்மா கிடந்த தன் லைசென்ஸை எடுத்துவந்தாள். இத்தனை நாள் அவளை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை மாமா. அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறிக்கொண்டதும் அவர் பக்கத்து சீட்டுக்கு ஓடினார். அங்கேயும் டங். கூரை உயர்ந்திருந்த இடம் பின்னால்தான். மேனேஜர் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அக்கா மேனேஜரை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டாள். அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்த மாமாவின் மடியில் மிச்சக் கோட்டுகளை அடுக்கினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதேயில்லை. வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"சாயாதீங்க" என்றாள். "கோட்டு கசங்கும்."