தாட்சாயிணி மூடிய கெளுத்தி

கள்ளிக்குப்பத்து வீட்டில் தாட்சாயிணி மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவள் புருஷனால் இதுவரை முடிந்ததில்லை. குக்கர் ரப்பர் கம்பெனியில் பல வருஷம் பழகிய கை. இப்போது அதே கை, திருமழிசைத் தொழிற்பேட்டையில், தண்ணீருக்கடியில் தானாகவே நீந்திப் பொருள் தேடும் ஒரு இயந்திரத்துக்கு மூடி போடுகிறது. கறுப்பாக, அகல வாயோடு இருப்பதால் அதற்குக் கெளுத்தி என்று பேர் வைத்தவளும் அவள்தான். ரப்பர் வளையத்தைப் பதித்து, கிரீஸ் தடவி, தூசு ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே திருகுவாள். தங்களுக்குத் தலைவாருவதில் இந்த அக்கறை இல்லை என்பது பிள்ளைகளின் புகார்.

அன்று காலை பக்கத்து ஏரியில் சோதனை. உள்ளே போட்டிருந்த இரும்புப் பெட்டியை, கெளுத்தி சத்தம் அனுப்பி, எதிரொலி கேட்டுக் கண்டுபிடித்து, தானே கரைக்குத் திரும்ப வேண்டும். போனது. வரவில்லை.

தாட்சாயிணி கரையோரமாக முழங்கால் ஆழம் வரை இறங்கிப் பார்த்தாள். மூடி கசிந்திருந்தால் எல்லாம் போச்சு. யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"போன்ல லொகேஷன் போட்டுப் பாரேன் நைனா," என்றான் லோடு வண்டி ஓட்டும் சம்பத்.

"தண்ணிக்குள்ள அதெல்லாம் எடுக்காதுண்ணே, சத்தம்தான் போகும்," என்றான் எஞ்சினியர் பிரசன்னா. "காணாமப் போனா டிக் டிக்னு கத்த உள்ளயே ஒண்ணு வச்சிருக்கோம். தண்ணி உள்ள புகாம இருந்தா கத்தும்."

"பூந்திருந்தா?" என்றாள் தாட்சாயிணி.

பிரசன்னா கரையில் கிடந்த படகில் ஏறினான். மற்ற இருவரும் ஏறினார்கள். பிரசன்னா ஒரு குழாய் நுனியில் தண்ணீருக்குள் கேட்கும் மைக் கட்டி, தண்ணீரில் இறக்கி, மெல்லத் திருப்பினான். ஹெட்போனைத் தாட்சாயிணி பிடுங்கி மாட்டிக்கொண்டாள். குழம்பு கொதிப்பது போல ஒரே இரைச்சல். அப்புறம், டிக். கொஞ்சம் விட்டு, மறுபடி டிக்.

"கத்துதுடா! என் கெளுத்தி கத்துது!"

அவள் குதித்ததில் படகு கவிழப் பார்த்தது.

சத்தம் பலமாக வந்த திசைக்குப் பிரசன்னா ஏரிப் படத்தில் ஒரு கோடு போட்டான். படகை வேறிடத்துக்கு நகர்த்தி, அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிய இடத்தில் சம்பத் முங்கினான். கெளுத்தியோடு எழுந்தவன் முகத்தில் அசடு வழிந்தது. அதன் வாலில் எலுமிச்சை, மிளகாய் கோத்த கறுப்புக் கயிறு. முங்கிக் கிடந்த வேலிகாத்தான் முள்ளில் அது மாட்டி, கெளுத்தியைப் பிடித்து வைத்திருந்தது.

"யாருடா கட்னது?"

"நாந்தான் யக்கா. கண்ணு பட்ரக் கூடாதேன்னு. நம்ம வண்டிக்குக் கட்ற மாரி..."

"ஏரிக்குள்ள யாரு கண்ணுடா படும்? மீனு கண்ணா? நான் இன்னா இன்னாவோ நெனச்சி செத்துகினு கீறேன்!"

அடிக்க ஓங்கிய கை, அவன் நடுங்குவதைப் பார்த்துத் துண்டை எடுத்து அவன் தலையில் போட்டது.

கரையில் கெளுத்தியைத் துடைத்து, மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரல் விட்டுத் துழாவினாள். பொட்டு ஈரமில்லை.

"தொட்டுப் பாரு," என்றாள் பிரசன்னாவிடம்.

"நம்புறேங்க்கா."

"தொட்டுப் பாருன்றேன்ல!"

அவன் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். சம்பத்தும் ஆசையாகக் கையை நீட்டினான்.

"ஈரக் கைய எடுடா!"