மூடியில் இருந்த எண்

பாலக்கரை அமிர்தசாமி, கல்லூரி ரசாயனக் கூடத்தில் பதினோராண்டாக உதவியாளர். நெல்லுமியைச் சுட்டெடுத்த சாம்பலால் செயற்கைக் கற்களுக்கு மெருகேற்றும் முறையொன்றைக் கண்டறிந்து, 1936ஆம் ஆண்டில் அதையே பட்டத்துக்குரிய ஆராய்ச்சியாக எழுதி முடித்திருந்தார். பட்டம் வந்தால், அவ்வாண்டு காலியாகும் விரிவுரையாளர் பதவி அவருக்கென்று கல்லூரித் தலைவர் வாக்களித்திருந்தார். ஆராய்ச்சி நூல் மறுநாளுக்குள் சென்னை சேர வேண்டும். கையெழுத்து மட்டுமே பாக்கி. அதுவும் ஒரே வாக்கியத்தின் கீழ்: இம்முறை எந்நாட்டிலும் இதற்குமுன் பதிவாகவில்லை.

அவ்வாக்கியத்துக்காகவே மூன்று கோடை விடுமுறைகளைச் சென்னை, பெங்களூர் நூலகங்களில் அவர் கழித்திருந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளின், கண்டுபிடிப்புகளுக்கு உரிமை தரும் பேடண்ட் பதிவுத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். உமிச் சாம்பல் எங்கும் இல்லை.

நூலை அனுப்பவேண்டிய அன்று காலை, அதனுடன் சேர்க்க மாதிரிக் கற்களை வாங்கிவர ஜெகபர் அலியின் பட்டறைக்குப் போனார். கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் கைதேர்ந்த ஜெகபர்தாம் அமிர்தசாமியின் உமிச் சாம்பலை முதன்முதலில் சக்கரத்தில் தடவிப் பார்த்தவர். தீட்டிய கற்களை அவர் போட்டுவைப்பது ஒரு பழைய தகரப்பெட்டியில். ஒருகாலத்தில் சீமை மெருகுத்தூள் வந்த பெட்டி அது. மூடியில் சிறு சிலுவை. செய்தவர் பக்திமான் போலும் என்று அமிர்தசாமி பலமுறை மனத்துள் வணங்கியதுண்டு. அன்று ஈரத்துணியால் துடைத்திருந்த மூடியில், சிலுவையை அடுத்து ஓர் எண் தெரிந்தது.

நீட்டிய கை நின்றது. பதிவு பெற்ற பொருளின்மேல் ஸ்விட்சர்லாந்துக்காரர் தம் நாட்டுச் சிலுவையையும் பதிவெண்ணையும் பொறிப்பர் என்று பெங்களூரில் எங்கோ படித்தது நினைவில் எழுந்தது. அந்நாட்டுத் தொகுதிகள் அந்நூலகங்களில் இல்லை, அவரும் கேட்டதில்லை. சிலுவையின் பொருளை ஜெகபரிடம் சொன்னார்.

"உங்க கோயில் குறின்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார் ஜெகபர்.

"நானும் அப்படித்தான் பாய்."

அந்தத் தூளும் உமிச் சாம்பலாயிருந்தால் தம் வாக்கியம் பொய்யாகும். அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்டார். வெள்ளையாக இருந்தது, தீர்ந்து மூன்றாண்டாயிற்று, அதற்குமேல் தெரியாது என்று ஜெகபர் கைவிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி என் பட்டறையில கெடக்கு. யாரு சார் வந்து பாக்கப் போறாங்க? கையெழுத்தப் போடுங்க."

"நான் பாத்துட்டேனே."

வீட்டில் மனைவி லூர்துராணி நூலைத் துணியில் சுற்றி, தைக்க ஊசியோடு காத்திருந்தாள். சென்னை ரயிலுக்கு மூன்று மணி நேரம். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மை உலர்ந்தது. ரயில் புறப்படும் நேரமும் கடந்தது. அதன்பிறகே அப்பேனாவை மையில் தோய்த்து, பாதிரிமாரிடம் கற்ற பிரெஞ்சு மொழியில், அவ்வெண்ணின் நகல் வேண்டுமென்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். லூர்துராணி ஊசியை எடுத்துவைத்தாள்.

ஜூன் மாதம் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஆகஸ்டில் நகல் கப்பலேறி வந்தது. பட்டறையிலேயே பிரித்துப் படித்தார். தூளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈரம் புகாமல் இறுகும் மூடிக்கே அந்தப் பதிவு.

ஜெகபர் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"நல்லாத்தான் மூடுது சார். உங்க வேலையையும் சேத்து மூடிடுச்சு."

அமிர்தசாமிக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று. அடுத்த ஆண்டு அனுப்பிய நூலில், தேடிப் பார்த்த பதிவுகளின் பட்டியலில் கடைசியாக அந்த மூடியும் இருந்தது. அதன் கீழேதான் கையெழுத்திட்டார்.