பேர் கேட்காத சிம்

ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் நம்பரை மட்டுமா சொல்கிறார்கள், வீட்டு நிலவரத்தையே கொட்டிவிட்டுப் போகிறார்கள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

எல்லாத்துக்கும் 'அலோ'

இ-சிம் வந்த புதிது. கையில் கார்டு கிடையாது. நெட்டில் வாங்கி ஸ்கேன் பண்ணினால் போனுக்குள்ளேயே சிம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பிய ரிடையர்டு வாத்தியார் ஒருவருக்கு, இருப்பதிலேயே மலிவான வெளிநாட்டுக் கம்பெனியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கம்பெனி ஆப் கேட்ட அனுமதிக்கெல்லாம் மண்டையை ஆட்டி 'அலோ' பட்டனை அழுத்தியது நான்தான். அவர் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே விளம்பரம் போய்விட்டது. ஊர் திரும்பியதும் நேரே கடைக்கு வந்தார்.

"ஏம்மா, 'நீங்க எப்பலேர்ந்து சிம் விக்கிறீங்க'ன்னு சம்பந்தி கேக்குறார், நான் என்ன பதில் சொல்ல?"

ஓடிபி போன இடம்

நூர்ஜஹான் அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தார். மகள் ஷாஹினா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மலேசியா போய் மூன்று வருஷம். அவளோடு யாரும் பேசக்கூடாது என்று மகன் ரஃபீக்கின் உத்தரவு. துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஐபோனை அம்மாவுக்குக் கொடுத்தவனும் அவன்தான், அதில் நெட் இல்லாமல் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் பண்ணுகிறவனும் அவன்தான். ஷாஹினாவுக்கு ஏழு மாசம். "அவ மூஞ்சியப் பார்க்கணும் கண்ணு, நெட்டோட எனக்குன்னு ஒரு சிம் போட்டுக் கொடு" என்றார்.

அட, இதென்ன பெரிய விஷயம் என்று அவருடைய ஆதாரை வாங்கித் தட்டினேன். ஆதாரில் இருந்தது மகனுடைய நம்பர் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஓடிபி நேரே ரஃபீக்கின் பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. பத்தே நிமிஷத்தில் வந்து நின்றான். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"எங்க வீட்டு விஷயத்துல நீங்க சிம் போடாதீங்க அக்கா."

மூன்று கம்பெனி

பதினைந்து நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். "பேர் கேக்காத சிம் ஏதாவது இருக்கா?" எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து வெளிநாட்டு இ-சிம் கம்பெனிகளைத் துருவினேன். ஒன்று பாஸ்போர்ட்டையும் முகத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. இன்னொன்று போனில் உள்ள நம்பரையெல்லாம் கேட்டது. போதுமடா சாமி, ஒரு வாத்தியார் போதும். மூன்றாவது வெறும் இ-மெயில் மட்டும் கேட்டது. யார், எங்கே, என்ன என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அதையே போட்டேன். பேரோ நம்பரோ கேட்காத வீடியோ கால் ஆப் ஒன்றும் ஏற்றினேன். எப்போதாவது யாருடைய போனிலிருந்தோ கூப்பிடும் ஷாஹினாவையும் அந்த ஆப்பைப் போடச் சொல்லி, அவள் ஐடியை அந்த அம்மா மனப்பாடம் செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் நேரம் கடைக்கு வருவார். அரை மணி நேரம் பேசுவார். பேசி முடித்ததும் ஆப்பையே அழித்துவிட வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். முதல் நாள் மகள் முகம் வந்ததும் போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சேடி, ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

பேத்தி

பெண் குழந்தை. அன்று எனக்கும் காட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அழுதுவிட்டார்.

"மூக்கு அப்படியே ரஃபீக் மூக்கு, அவன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

செவ்வாய்க்கிழமை

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நூர்ஜஹான் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பத்து மணிக்கு ரஃபீக் அம்மாவின் போனோடு கடைக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமை அம்மா இங்க வர்றது எனக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சும் கேக்கல. இப்ப ஷாஹினா நம்பர் வேணும், அடக்கத்துக்கு முன்னாடி அவ அம்மா முகத்தைப் பார்க்கணும்."

போனை வாங்கினேன். ஆப் இல்லை. மகளோடு பேசிய தடயம் இல்லை. இ-மெயிலைக்கூட அழிக்கச் சொன்ன புத்திசாலி நான். சிம் கம்பெனிக்கும் ஆப் கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன். எங்களிடம் எந்த விவரமும் கிடையாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவளுடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. அவள் புருஷனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேரை ரஃபீக் கூப்பிட்டுப் பார்த்தான், அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அம்மா ஐடியை அடிக்கும்போதெல்லாம் நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அதுதான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கூப்பிடுவார் என்று அவள் காத்திருப்பாளே. நேரமாகிவிட்டது என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. வாசல் வரை போன ரஃபீக் திரும்பினான்.

"ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா அக்கா?"

எதையும் வைத்துக்கொள்ளாத கம்பெனி வேண்டும் என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் 'உங்களுக்கு ஒன்று என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்காமல் யாரையும் கடையை விட்டு இறங்க விடுவதில்லை.