ஆறுமணியக்காவின் காலிக்குடம்

எங்கள் ஊர் வானொலி நிலையம், பால் சங்கத்து மாடியில் ஒற்றை அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அங்கே காலை ஆறு மணிக்கு அறிவிப்பு வாசிப்பவள் என் பக்கத்து வீட்டுத் தையல்காரி. ஊருக்கு அவள் ஆறுமணியக்கா. எந்தத் தெருவுக்குத் தண்ணீர், என்றைக்கு மாட்டு டாக்டர், எல்லாம் அவள் சொன்னால்தான் எடுபடும்.

ஒரு ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். விடியற்காலையில் எழ அவளுக்கு உடம்பு வணங்காது. முந்தின நாள் சாயங்காலமே பேசிப் பதிவு செய்துவிடுவாள். காலையில் ரேடியோவில் அவள் குரல் உற்சாகமாக ஊரை எழுப்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குறட்டையும் எனக்குக் கேட்கும்.

அன்று அவள் கணவர் வெளியூர் போயிருந்தார். வேறு வழியின்றி அவளே குடத்தோடு குழாயடிக்கு வந்து வரிசையில் நின்றாள். மோட்டார் இரவே புகைந்துபோன சேதி யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ரேடியோ கூவியது: "கீழத்தெரு மக்களே, உங்க குழாயில இப்ப தண்ணி ஜோரா கொட்டுது. சீக்கிரம் வாங்க!"

வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

"அக்கா, நீ இங்க நிக்கிறே. அங்க பேசறது யாரு?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

எல்லோரும் சிரித்தார்கள், நர்ஸம்மாவைத் தவிர. "நாளைக்குப் பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி. உன் பேச்சை நம்பித்தான் தாய்மாருங்க வருவாங்கன்னு இருந்தேன். இனி யாரு வருவா?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. காலிக்குடத்தோடு மாடிக்கு ஓடினாள். முதல் தடவையாக நேரலையில் பேசினாள். "இப்ப நீங்க கேட்டது நேத்து நான் பேசி வச்சது. தண்ணி வரலை. இந்தாங்க, என் குடம்!" மைக் முன்னால் தட்டினாள். ணங்கென்று ஊரெல்லாம் கேட்டது. பாதிச் சவரத்தோடு மோட்டார் மெக்கானிக் ஓடி வந்தார்.

மறுநாள் நிறைகுடத்தைத் தட்டினாள். சத்தம் மொத்தென்று விழுந்தது, ஊர் நம்பியது.

"சரிக்கா, தடுப்பூசிக்கு எதைத் தட்டிக் காட்டுவே?" அதுவும் நான்தான்.

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அங்கிருந்தே செல்போன் வழியாக நேரலை. "நர்ஸம்மா வந்தாச்சு, மருந்தும் வந்தாச்சு. முதல் ஊசி என் மகளுக்குத்தான். கண்ணு, துளிகூட வலிக்காதுடா."

அங்கே முட்டை அட்டை கிடையாது. அடுத்து வந்த அலறல் ஊரைத் தூக்கிவிட்டது.

ஊசி போடுவது நிஜம்தான் என்று தாய்மார்கள் கிளம்பி வந்தார்கள். மதியத்துக்குள் மருந்துப் பெட்டி காலி. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

மகள் மட்டும் கையைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா நீட்டிய மிட்டாயை வாங்கவில்லை.

"ரேடியோவுல பொய் சொன்னே," என்றாள்.

அடுத்த நாள் ஆறு மணி அறிவிப்பு இப்படித் தொடங்கியது: "முதல்ல ஒரு திருத்தம். ஊசி வலிக்கும்."