தேங்காய்ப்பட்டணம் வாசிப்பு வகுப்பும் என் குழப்பமும்

ஆய்வு வேலையாகக் குமரி மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் போகிற நண்பர்கள் சிலர் வழி கேட்டிருந்தார்கள். வழியை எழுதிவிடுகிறேன். போய் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டால்தான் கஷ்டம்.

நான் திருச்சியில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக எங்கள் செலவில் தனி வாசிப்பு வகுப்பு நடக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை தன் வழக்கமான பெரிய வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. ஆறு மாதமாகியும் ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. வகுப்பை மூடிவிடலாமா என்று பார்த்துவரக் கடந்த ஜனவரியில் என்னை அனுப்பினார்கள்.

திருச்சியில் இரவு ரயில் ஏறினால் காலையில் நாகர்கோவில். அங்கிருந்து தக்கலை, கருங்கல் வழியாகச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த இடத்தில் பேருந்து நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். கடைசியில் ஒரு நடத்துநர், “தேங்காப்பட்டணமா? ஏறுங்க. இது சுத்திப் போவும், ஆனா போவும்” என்றார். உண்மையைச் சொன்ன மனிதர். இரண்டு மணி நேரம் சுற்றினோம்.

வாசிப்பு வகுப்பு நடக்கும் அறை சின்னது. ஆசிரியை சகாயராணிக்கு முப்பது வயது இருக்கும். பன்னிரண்டு பிள்ளைகளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், யாராவது தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்துகிறார். எனக்கே அங்கே பாயில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நான் கொண்டுபோன பத்தியைக் கொடுத்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் திணறினார்கள். ஷைனி என்ற பெண் “அ... ணி... அணி... ல்” என்று இழுத்து அணிலைத் தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இவ்வளவு நல்ல வகுப்பில் இவ்வளவு மோசமான வாசிப்பா?

“எனக்குத்தான் படிப்பிக்கத் தெரியலியோ என்னமோ மேடம்” என்று சகாயராணி மெதுவாகச் சொன்னார். மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் கையிலிருந்த கணக்கு அவர் பக்கம் இல்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். எதிரே ஊர்த் திருவிழாவுக்கான பெரிய ஃப்ளெக்ஸ், கீழே நன்கொடையாளர் பெயர்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகளிடம், “அப்பா பேரு போட்டிருக்காவளா, பாருட்டி. நான் கண்ணாடி எடுக்கல” என்றார்.

“மரியதாசன், ரியாத். சேவியரடிமை, தோஹா. லூர்துசாமி, துபாய். கிளீட்டஸ், குவைத். போட்டிருக்காவம்மா!” ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் திரும்பியது ஷைனி. என்னைப் பார்த்ததும் மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்து, “தி... ரு...” என்று ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. “இவளுக்கு வாசிக்க வராதுன்னு சொல்றாங்களே?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“இவளுக்கா? வீட்டுல ஒரு பேப்பரு கிடந்தா விடமாட்டா மேடம்.”

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். “வாசிச்சா பெரிய கிளாசுக்கு விட்டுருவாவ. அங்க அம்பது பேரு. சாருக்கு எனக்க பேரே தெரியாது, ‘ஏட்டி கடைசி பெஞ்சு’ன்னுதான் விளிப்பாரு. இங்க தப்பா வாசிச்சாலும் டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாவ.”

“மத்த பிள்ளைங்க?”

“ரெண்டு பேருக்கு நெசமாவே தெரியாது. மத்தவங்க எல்லாம் நாங்க பேசி வச்சதுதான்.”

“யாருமே வாசிக்கலேன்னா வகுப்பையே மூடிருவாங்க ஷைனி” என்றேன். அதுவரை அதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஷைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “வாசிச்சா நான் போணும். வாசிக்காட்டி டீச்சர் போணும். அப்படித்தானே?”

பேருந்து வந்தது. நல்லவேளை என்று ஏறிக்கொண்டேன்.

மறுநாள் பூதப்பாண்டி கோயிலுக்குப் போவதாக இருந்தது. போகவில்லை, அந்தக் கோயிலைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள். திரும்பத் தேங்காய்ப்பட்டணம் போனேன். ஷைனியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே எழுந்துவந்து பத்தியை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை தடங்கலில்லாமல் வாசித்தாள். மற்ற பிள்ளைகள் அவளை முறைத்தார்கள். பிறகு இன்னும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள். சகாயராணி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுகை தீர்வதற்குள் ஷைனி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

வகுப்பு தொடர வேண்டும், வாசிக்கக் கற்ற பிள்ளைகளும் வாரம் ஒருநாளாவது அங்கே வர அனுமதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாவதை ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு “பார்க்கலாம்” என்றார்கள். நான் செய்தது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம், வெயில் கடுமை. ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள், நாகர்கோவிலில் ஒரு இரவு தங்குங்கள். பள்ளியில் பார்த்ததைப் பேருந்து நிறுத்தத்திலும் ஒருமுறை சரிபாருங்கள். வாசிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கும் முன், தெரிந்தால் உனக்கு என்ன கிடைக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஷைனிக்குக் கிடைத்தது கடைசி பெஞ்சு.